திருக்கோயிலோடு நின்ற நடை

1

போன சனிக்கிழமை மகள் ஒரு சோடி சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தாள். நீங்கள் நினைக்கிற சப்பாத்து இல்லை. சேற்று வயலில் இறங்குகிறவன்கூட அப்படி ஒரு பாரத்தைக் காலில் மாட்டச் சம்மதிக்க மாட்டான். அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நானும் பீட்டரும் ஸ்பெயினுக்குப் போறம், நடக்க" என்றாள்.

"ஸ்பெயினுக்கு நடந்தோ?"

"இல்லையம்மா. அங்கை போய் நடக்க. ஒரு பழைய சேர்ச்சுக்குப் போற பாதை. முந்தின காலத்துச் சனம் எல்லாம் நடந்து போனது. ஒரு மாசத்துக்கு மேலை நடக்கோணும்."

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பதைப் பற்றி அங்கே இருக்கிற நீங்கள் பல கதைகள் கேட்டிருப்பீர்கள். பாதி பொய், பாதி உண்மை. எங்கள் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வள்ளிநாயகி. இங்கே பள்ளிக்கூடத்தில் அதை முதல் நாளே வெட்டி 'வால்' ஆக்கிவிட்டார்கள். அப்படிக் கூப்பிட அவளும் திரும்பிப் பார்க்கிறாள். இப்போது வேறு ஊரில் சர்வகலாசாலையில் சரித்திரம் படிக்கிறாள். பீட்டர் அவளோடு படிக்கிற பையன். இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

"என்ன நேத்தி உங்களுக்கு?" என்றேன்.

"நேத்தி எண்டால்?"

"சாமியிட்டை என்ன கேட்டு நடக்கிறியள்?"

"ஒண்டும் கேக்கேல்லை. சும்மா நடக்கிறம்."

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஐந்து நாளும் நின்றபடி உருளைக்கிழங்கு மசித்து, பெரிய தட்டுகளைக் கழுவி, சனிக்கிழமை வந்தால் கால் இரண்டும் வீங்கிப்போயிருக்கும். அன்றைக்கு யாரோடும் வாக்குவாதப்பட எனக்குத் தெம்பிருப்பதில்லை. ஆனாலும் அந்தச் சப்பாத்தைக் காலால் மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினேன். பையனோடு போகிறாளே என்ற கவலை ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருக்கிறது. இந்தப் பிள்ளைக்காக நாங்கள் தொடங்கிய நடை ஒன்று இன்னும் முடியவில்லை. கதிர்காமத்தானிடம் வைத்த நேர்த்தி பாதியில் கிடக்கிறது. அப்படியிருக்க, இவள் ஊர் பேர் தெரியாத காட்டிலும் மலையிலும் ஒரு மாதம் நடக்கப்போகிறாள். அங்கே ஏதாவது நடந்தால் அது யாருடைய பிழை?

"இந்த வருஷம் போகாதை பிள்ளை" என்றேன். ஏன் என்று கேட்டாள். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

2

நாங்கள் வடக்கே கடலோரத்து வடமராட்சிக்காரர். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம். தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு சிங்களச் சோதினை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்றார்கள். இவர் சோதினைக்குப் போகவில்லை. அதைப்பற்றிப் பெரிதாக வீரம் பேசியதும் இல்லை; போகவில்லை, அவ்வளவுதான். இவர் கதைக்கிறது எப்போதும் குறைவு. ஒரு நாளைக்கு இவர் வாயிலிருந்து விழும் சொல்லை ஒரு கைச் சிரங்கையில் அள்ளிவிடலாம்.

கலியாணம் முடித்து ஏழு வருடம் பிள்ளையில்லை. ஏழு வருடம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கலியாண வீடுகளில் ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள். மாமி, இவருடைய தாய், முதலில் சாடையாகக் கதைத்தா. பிறகு நேராகக் கதைத்தா. என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவருக்குக் கரவெட்டிப் பக்கம் வேறு பெண் பார்க்கிறா என்று ஒரு கதையும் அடிபட்டது. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது கை நின்றுவிடும். யாராவது வந்து, "என்ன யோசினை?" என்று கேட்கும்வரை அப்படியே நிற்பேன்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை செல்வச்சந்நிதி முருகனிடம் போனோம். தொண்டைமானாற்றுத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு இவர் சொன்னார்: "வாற வைகாசியிலை கதிர்காமத்துக்கு நடப்பம்."

நான் ஓம் என்றேன். கோயிலுக்குள் போய் இருவரும் கண்ணை மூடி நின்றோம். நான் பிள்ளை கேட்டேன். இவர் என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் நேர்த்தியை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பலிக்கும்வரை அது நெஞ்சுக்குள் இருக்கவேண்டும். சொன்னால் கலைந்துபோகும். புருஷன் பெண்சாதி என்றாலும் அதே சட்டம்தான். தவிர, கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஏழு வருடம் பிள்ளையில்லாத இரண்டு பேர் வேறு எதைக் கேட்பார்கள்?

வைகாசியில் வெளிக்கிட்டோம். சந்நிதியில் தொடங்கி, வல்லிபுரத்து மணலைத் தாண்டி, கடற்கரையோடு முல்லைத்தீவு, வற்றாப்பளை, தோணியேறிக் கொக்கிளாய், பிறகு திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று தெற்கே போகிற வழி அது. வெறுங்கால். ஒரு துணிமூட்டை. முன்னுக்கு முருகனுடைய வேலைத் தூக்கிக்கொண்டு போனவர் வல்வெட்டித்துறையில் ஒரு காலம் பாய்க்கப்பல் ஓட்டிய மனிதர். கடற்காற்று மாறுவதை மூக்கால் கண்டுபிடிப்பார். அவரை எல்லோரும் வேல்சாமி என்று கூப்பிட்டார்கள். அந்த நடையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆண், பெண், கிழம், குமர் எல்லோரும் சாமி. இவர் எனக்குச் சாமி. நான் இவருக்குச் சாமி. பகலில் ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே. இரவில் கோயில் மண்டபத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம்.

இதில் ஒரு புதினம் சொல்லவேண்டும். வீட்டில் நாலு சொல் கதைக்காத மனிதர் அங்கே கதைத்தார். ஊற்றுத் தண்ணீர் எடுக்க வந்தால், "சாமிக்குக் கால் வெடிச்சிருக்கோ?" என்று கேட்பார். "இல்லைச் சாமி" என்பேன். வெடித்துத்தான் இருக்கும். மறுநாள் காலையில் என் மூட்டைக்கு மேலே வேப்பெண்ணெய்ப் போத்தல் இருக்கும். எங்கள் ஏழு வருடத்தில் இல்லாத ஒரு கலகலப்பு எனக்கு அந்த நடையில் இருந்தது. மாமியும் இல்லை, கிணற்றடியும் இல்லை. நானும் மற்றவர்களைப் போல ஒரு சாமி.

3

இங்கே நாங்கள் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இவர் ஒரு ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டிக்கட் கொடுக்கிறார். வந்த நாளிலிருந்து நான் நச்சரிக்கிறேன்: ஒரு தடவை போவோம், விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை நடப்போம். இவர் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. ஓம் என்பார். ஆனால் போவது மட்டும் நடக்காது.

முதலில் இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி வரவேண்டும், அதற்குள் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். அது வந்தபோது கடவுச்சீட்டு முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்கக் கொடுத்தால், என்னுடைய பிறந்த இடத்தைப் பிழையாக எழுதித் திருப்பி வந்தது. நெல்லியடிக்குப் பதில் ஏதோ ஒரு ஊர். அப்படி ஒரு ஊர் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதைத் திருத்த ஓடித் திரிந்தோம். பிறகு மகளுக்குச் சோதினை. பிறகு இவருக்கு முழங்கால் நோவு. ஊர்ச் செய்தி சரியில்லை என்று இரண்டு ஆடி மாதம் போனது. உள்ளபடி சொன்னால் எனக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, "முருகா, நீயே இஞ்சை வந்து வாங்கிக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை இவர் நீண்ட விடுமுறை கேட்டு எழுதினார். இவருடைய மேலதிகாரி நல்ல மனிதர், அதனால்தான் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அன்று ஏதோ அலுவலாக அங்கே போயிருந்தேன்.

"யாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தூரம்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் சொன்னார்.

"அங்கே ரயில் இல்லையா?"

"இருக்கிறது."

"பஸ்?"

"இருக்கிறது."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ரயிலுக்கு உழைத்த மனிதருக்கு அது ஒரு அவமானமாகவே பட்டிருக்கவேண்டும். எனக்கு விளக்கம் சொல்ல ஆசை வந்தது. ஆனால் 'நேர்த்தி' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்ல? வாக்குறுதி என்றேன். யாருக்கு என்று கேட்டார். கடவுளுக்கு என்றேன். எப்போது கொடுத்தீர்கள் என்றார். வருடத்தைச் சொன்னேன். "அவர் இவ்வளவு காலம் பொறுத்திருக்கிறார், இன்னும் ஒரு வருடம் பொறுப்பார்" என்று சிரித்தார். வெள்ளைக்காரனுக்கு எங்கள் சாமியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் இவரும் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கு இவரைப் பேசாத பேச்சில்லை. பிள்ளையைப் பெற்றதோடு கடன் முடிந்தது என்று நினைக்கிறீர்களோ என்றேன். இவர் கதவைத் திறந்து என்னை முதலில் உள்ளே விட்டார்.

4

நடை எப்படி நின்றது என்பதை இப்போது சொல்லவேண்டும்.

யாத்திரையில் பெண்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மாதவிலக்கு வந்தால் வேலுக்குக் கிட்டப் போகக்கூடாது. கூட்டத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தள்ளி நடக்கவேண்டும். சமையலில் கை வைக்கக்கூடாது, கோயிலுக்குள் படுக்கக்கூடாது. நாள் கழிந்து முழுகிவிட்டு மறுபடி வந்து சேரலாம். ஒருத்தி பின்னால் போனால் எல்லோருக்கும் விளங்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்களோடு வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போய் மீண்டும் வந்தார்கள். நான் மட்டும் போகவில்லை.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நடக்கிற அலுப்பு, வெயில், பட்டினி, அதனால் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். ஏழு வருடமாக ஒவ்வொரு மாதமும் ஏமாந்தவளுக்கு ஆசைப்படப் பயம். மட்டக்களப்பு தாண்டி மண்டூரில் காலைக் கஞ்சி வாயில் வைக்க முடியவில்லை. வாவிக்கரையில் போய்ச் சத்தி எடுத்தேன். இவருக்குத் தெரியாது. சாமியிடம் சாமி இதைப் போய்ச் சொல்ல முடியுமா?

திருக்கோயில் கடலோரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊர்கள் குறைந்துகொண்டு போகும். பொத்துவிலைத் தாண்டினால் உகந்தை, குமுக்கன் ஆறு, பிறகு முழுக்கக் காடு. யானையும் கரடியும் உள்ள காடு. தண்ணீரும் இல்லை. அங்கே நாங்கள் தங்கி இளைப்பாறிய மத்தியானம், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் மனுஷி ஒருத்தி வேல்சாமியின் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, காட்டுக்குள்ளை போக முந்திச் சொல்லவேணும். எங்களுக்குள்ளை ஒரு ஆள் தீட்டை மறைச்சு வேலோடை நடக்கிறா. சந்நிதியிலையிருந்து ஒருக்காலும் ஒதுங்கேல்லை. யானை மறிச்சால் எல்லாருக்கும்தானே ஆபத்து?"

பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தீட்டோடு வேலைத் தொடருவது எவ்வளவு பெரிய பழி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலடி என்ற பேர் போதாதென்று இதுவும் சேரப்போகிறதே என்று நினைத்தேன்.

வேல்சாமி என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "சாமி, உண்மையோ?"

இவர் எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார். இவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

"நான் மறைக்கேல்லைச் சாமி. எனக்கு வரேல்லை. வெளிக்கிட்ட நாளிலையிருந்து வரேல்லை."

என்னைக் குற்றம் சொன்ன அதே மனுஷிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். யாரோ 'அரோகரா' என்றார்கள். எல்லோரும் 'அரோகரா' என்றார்கள். திருக்கோயில் ஊர்க்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிள்ளை பிறந்தபோதுகூட இல்லை.

அடுத்த பேச்சு உடனே வந்தது. காட்டுக்குள் கூட்டிப் போவதா? முருகன் தந்த பிள்ளையை முருகன் பார்ப்பான் என்றார் ஒருவர். முதல் மாதங்களில் இப்படி நடந்தால் தங்காது என்றாள் இன்னொருத்தி. என்னைக் கேட்டால் நான் நடந்திருப்பேன். கேட்டது கையில் வந்துவிட்டது. கூலியை முன்கூட்டியே தந்துவிட்டான். இனி எப்படிப் பாதி வேலையில் திரும்புவது?

இவர் கடற்கரைக்குப் போனார். அலைக்குள் கால் வைத்து நின்றார். திரும்பி வந்து என் மூட்டையையும் தன் மூட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"வாரும், பஸ்ஸுக்குப் போவம்."

'வாரும்' என்றார்; 'சாமி' என்று கூப்பிடவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, எங்கள் யாத்திரை முடிந்தது என்று.

"நேத்தி?" என்றேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் என்னை இருத்திவிட்டு அருகே இருந்தார். மட்டக்களப்பு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை. எனக்கோ அழுகை. பக்கத்தில் இருந்தவர்கள் செத்தவீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

5

வள்ளி பிறந்தாள். மாமி பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாதி நடைக்குப் பெட்டைதானே கிடைக்கும்" என்றா. முழு நடை நடந்திருந்தால் பெடியனாம். பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் காரணம் அதுதான்.

மாமியை நான் குறை சொல்லப் போவதில்லை, அவ போய்ச் சேர்ந்துவிட்டா. ஆனால் அந்தச் சொல் எனக்குள் வேர்விட்டுவிட்டது. வள்ளிக்குச் சின்னமுத்து வந்தபோது முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது வைத்தியம் பார்க்கிற பரியாரி அல்ல, திருக்கோயில். இங்கே வந்த முதல் வருடம் பனியில் வழுக்கிக் கையை முறித்தாள். ஆஸ்பத்திரியில் தாதி என்னிடம் எப்படி நடந்தது என்று கேட்டாள். வாயில் வந்த காரணத்தை அவளிடம் சொன்னால் என்னை வேறு வார்ட்டுக்கு அனுப்பியிருப்பாள். அவள் தமிழ் எழுத மறந்ததுக்கும், விரதநாளில் இறைச்சி தின்றதுக்கும், பீட்டருக்கும் எல்லாவற்றுக்கும் நான் உள்ளுக்குள் ஒரே கணக்குத்தான் பார்த்தேன். கடன் வாங்கினவர்கள் நாங்கள் இருவரும். ஈடு வைத்தது அவளை.

இருபது வருடம் ஒரு பயத்தைச் சுமப்பது எவ்வளவு அலுப்பு என்று எழுதிக் காட்ட முடியாது. அதில் பங்கெடுக்காத மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து சுமப்பது இன்னும் அலுப்பு. இவர் ஒருநாளும் பயந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி வருவார். கை முறிந்தால் கட்டுப் போட்ட கைக்கு மேல் பேனையால் பூப்படம் கீறிக் கொடுப்பார். நேர்த்தி என்று நான் தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். கல்நெஞ்சம் என்று நினைத்தேன். சொல்லியும் இருக்கிறேன்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. மகள் மூட்டை கட்டத் தொடங்கினாள். நான் மறுபடி, "இந்த வருஷம் வேண்டாம்" என்றேன். பீட்டரைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவள் கத்தினாள். நான் கத்தினேன். கத்தும்போது வாயில் வந்துவிட்டது: "உனக்காக நடந்த நடை பாதியிலை கிடக்குது. அதை முடிக்காமல் நீ போய் மலையிலை நடந்தால், உனக்கு ஏதும் வந்தால் நான் என்ன செய்யிறது?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்து கேட்டாள். பிறகு நான் முழுவதையும் சொன்னேன், இங்கே உங்களுக்கு எழுதியதைப் போல. திருக்கோயில் வந்ததும் அவள் முகம் மாறியது.

"அப்ப நான் உங்கடை வயித்துக்குள்ளையோ? நானும் அவ்வளவு தூரம் நடந்தனானோ?"

"ஓம்."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யன்னலோரம் கதிரையில் இருந்த தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளையும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"உதெல்லாம் கேக்கிறேல்லை!" என்று நான் அதட்டினேன். "அவரும் அதைத்தான் கேட்டவர். வேறை என்ன கேப்பார்?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தே கதைத்தார்.

"நான் பிள்ளை கேக்கேல்லை."

நான் கையிலிருந்த சோற்றுக் கரண்டியை மேசையில் வைத்தேன்.

"அந்த வருஷம் என்ரை அம்மா எனக்குக் கரவெட்டியிலை பெண் பாத்து முடிச்சிட்டா. நாள் வைக்கிறது ஒண்டுதான் மிச்சம். நான் மாட்டன் எண்டால் நஞ்சு குடிப்பன் எண்டவ. எனக்கு அவவை எதிர்க்கத் துணிவு காணாது. அதுதான் சந்நிதியானிட்டைக் கேட்டனான், கொம்மாவை என்னட்டையிருந்து பிரிச்சுப்போடாதை எண்டு. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

வள்ளி தன் கதிரையைத் தகப்பனுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"திருக்கோயிலிலை கொம்மா அந்தச் சனத்துக்கு முன்னாலை வாய் திறந்து சொன்னா. அதோடை என்ரை பயம் போட்டுது. இனி ஒருத்தராலும் இவவை அனுப்பேலாது. பஸ்ஸிலை வந்து ஏறேக்கை என்ரை நேத்தி முடிஞ்சுது. பிறகேன் நான் காட்டுக்குள்ளை நடக்கவேணும்? அவவையும் நடக்க விடப் பயமாயிருந்தது."

இருபது வருடம். ஒரு மனிதரோடு ஒரே பாதையில் காலடிக்குப் பின்னால் காலடி வைத்து நடந்திருக்கிறேன். நான் நடந்தது ஒரு பிள்ளைக்காக. அவர் நடந்தது எனக்காக. பாதிக் கடன் பாதிக் கடன் என்று நான் இவரைக் குத்திக்கொண்டு வந்த காலமெல்லாம் இவர் பக்கத்தில் கடனே இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது.

"பிறகென்னத்துக்கு ஒவ்வொரு வருஷமும் ஓம் ஓம் எண்டனீங்கள்? லீவு கேட்டு அலைஞ்சனீங்கள்?"

"உம்மடை நேத்தி கிடக்குதே. நீர் அந்தக் காட்டுக்குள்ளாலை தனியப் போவீரோ?"

"உதை அப்பவே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு காலம் உங்களைப் பேசியிருப்பனே?"

"சொன்னால் பலிக்காதெல்லே."

"என்ன கதை கதைக்கிறியள்? பலிச்சு இருபது வருஷமாச்சு!"

"இல்லையப்பா" என்றார். "நான் கேட்டது ஒருநாளிலை முடியிற காரியமோ? ரெண்டு பேரிலை ஒராள் போகுமட்டும் அது பலிச்சுக்கொண்டெல்லோ இருக்கவேணும். அதுதான் சொல்லேல்லை. இப்பவும் சொல்லியிருக்க மாட்டன். நீர் பயந்து பயந்து பிள்ளையை மறிக்கிறீர். அவள் போகட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் நான் பேசிய பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு வாய்க்குள் பொத்தி வைத்திருந்ததை, மகளுக்காக, என் பயத்துக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே போட்டுவிட்டார். இவருடைய முழங்கால் நோவும், படியேறினால் வருகிற இளைப்பும், டாக்டர் எழுதிக்கொடுத்த குளிசையும் எல்லாம் ஒன்றாக என் கண்முன்னே வந்தன. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"காணும், கதையாதேங்கோ!" என்று பாய்ந்துபோய் இரண்டு கையாலும் இவருடைய வாயைப் பொத்தினேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன். கையை எடுக்க எனக்குக் கனநேரம் மனம் வரவில்லை.